கட்டுவதற்கு ஒன்றரை மீட்டர்

லைன் கேம்ப்
ஜூன் 3

தங்கைக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீ நன்றாக இருப்பது எனக்குத் தெரியும். உன் அண்ணி எனக்குத் தெரியாமல் உன்னோடு போனில் பேசிக்கொண்டிருப்பதும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர்மேன் தேர்வு எழுதப் போகிறேன். இது மூன்றாவது தடவை. இதிலும் கோட்டை விட்டால் கதை முடிந்தது, என் வயதுக்கு மேல் அதில் உட்கார விட மாட்டார்கள். கருவிகள், பாதுகாப்பு, விதிமுறை எல்லாவற்றிலும் தேறிவிடுகிறேன். கணக்குத் தாளில்தான் ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வுகிறேன். அதிலும் இந்தச் செங்கோண முக்கோணம் என் உயிரை வாங்குகிறது. இரண்டு பக்கத்தைக் கொடுத்து மூன்றாவதைக் கண்டுபிடி என்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்? கரன்ட் கம்பம் சாயாமல் இருக்க உச்சியிலிருந்து தரைக்குச் சரிவாக இழுத்துக் கட்டுவோமே, ஸ்டே கம்பி, நீ சின்ன வயதில் அதில் தொங்கி அடி வாங்கியிருக்கிறாய், அது முக்கோணம் இல்லாமல் வேறென்ன?

உன்னிடம் கேட்கச் சொன்னது உன் அண்ணி. "பள்ளிக்கூடத்துல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவ உங்க கூடப் பிறந்தவ. கேட்டா என்ன, தேஞ்சா போயிடுவீங்க?" என்றாள். தேய மாட்டேன் என்று காட்டுவதற்காக எழுதுகிறேன்.

இந்த மலையில் போன் எடுக்காது. கம்பத்து உச்சிக்குப் போனால் சிக்னல் ஒரு கோடு வரும், அங்கே தொங்கிக்கொண்டு உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. போனில் முக்கோணம் வரையவும் முடியாது. வியாழக்கிழமை ஸ்டோர் வேன் வரும், கடிதம் அதில் போய் அதில் வரும்.

நான் போட்டுப் பார்த்த மூன்று கணக்கு:

கம்பம் 12 மீட்டர். அடியிலிருந்து 5 மீட்டர் தள்ளித் தரையில் முளை. உச்சியிலிருந்து முளைக்குக் கம்பி எவ்வளவு நீளம்? என் விடை பதினாலரை.

ஏணி 10 மீட்டர். சுவரில் 8 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. ஏணியின் அடி சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? என் விடை 12.8.

நீள்சதுர முற்றம், 24 மீட்டருக்கு 7 மீட்டர். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே கம்பி இழுக்க வேண்டும். என் விடை இருபத்தாறரை.

புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடை மூன்றுக்கும் வேறு. புத்தகம் தப்பா, நான் தப்பா என்று மட்டும் எழுது. மற்ற பேச்சு வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுப் படி இறங்கினதை நான் மறக்கவில்லை.

அண்ணன்


ஜூன் 12

அண்ணாவுக்கு,

நீ நலம் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கப் போவதில்லை. முட்டி எப்படி இருக்கிறது?

கோபித்துக்கொள்ளாதே, பழக்க தோஷம். தாள் ஏன் இப்படிப் பழுப்பாக இருக்கிறது என்று பார்ப்பாய். இது நாங்கள் சட்டைக்கு பேட்டர்ன் வெட்டும் தாள். சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிளில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டு, "என்ன, லவ் லெட்டரா?" என்கிறார். "ஆமா சார், கணக்கு லவ் லெட்டர்" என்றேன். நகர்ந்துவிட்டார்.

புத்தகம் சரி. நீதான் தப்பு. மூன்றிலும் தப்பு.

முதலில் ஏணியைச் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மேலே அடுக்கியிருந்த துணியே சரிந்தது. ஏண்ணா, பத்து மீட்டர் ஏணி. அதன் அடியைச் சுவரிலிருந்து பன்னிரண்டே முக்கால் மீட்டர் தள்ளி வைத்திருக்கிறாய். தரையில் படுக்கப் போட்டாலே அது சுவரை எட்டாதே! அந்த ஏணியில் யார் ஏறுவது, நீயா?

நீ என்ன செய்திருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. பத்தின் வர்க்கம் நூறு, எட்டின் வர்க்கம் அறுபத்து நான்கு, இரண்டையும் கூட்டிவிட்டாய். எதைப் பார்த்தாலும் கூட்டிவிடுகிறாய். செங்கோணத்துக்கு நேர் எதிரே இருக்கும் பக்கம்தான் மூன்றில் பெரியது, கர்ணம். அது தெரியாவிட்டால் மற்ற இரண்டின் வர்க்கத்தையும் கூட்டு. அது தெரிந்து, சின்னது ஒன்று தெரியாவிட்டால் பெரியதன் வர்க்கத்திலிருந்து கழி. ஏணிதான் இங்கே பெரியது. நூறில் அறுபத்து நான்கு போனால் முப்பத்தாறு. வர்க்கமூலம் ஆறு. ஏணியின் அடி ஆறு மீட்டரில்.

கம்பியும் முற்றமும்தான் எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டின் வர்க்கம் 144, ஐந்தின் வர்க்கம் 25, கூட்டினால் 169, மூலம் 13. அதுவரைக்கும் ஓரத்தில் பென்சிலால் சரியாகப் போட்டிருக்கிறாய். அப்புறம் விடை எழுதுகிற இடத்தில் பதினாலரை என்று எழுதியிருக்கிறாய். முற்றத்துக்கும் 25 வந்திருக்கிறது, இருபத்தாறரை என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒன்றரை எங்கிருந்து குதித்தது? வானத்திலிருந்தா?

நீ படி இறங்கினதை நானும் மறக்கவில்லை. ஆனால் மற்ற பேச்சு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய், அதனால் பேசவில்லை.

உன் தங்கை


லைன் கேம்ப்
ஜூன் 19

தங்கைக்கு,

வானத்திலிருந்து குதிக்கவில்லை. பதின்மூன்று மீட்டருக்கு ஸ்டே கம்பி வெட்டிக்கொண்டு போய்ப் பார். உச்சியில் கிளாம்பைச் சுற்றி ஒரு மடக்கு, கீழே முளையில் ஒரு மடக்கு, இரண்டு பக்கமும் முறுக்கிக் கட்ட வேண்டாமா? அளந்த நீளத்துக்கு வெட்டினால் கம்பி முளை வரைக்கும் வந்து பல்லைக் காட்டும். எந்த நீளமாக இருந்தாலும் கட்டுவதற்கு ஒன்றரை மீட்டர் கூடப் போட்டு வெட்டு என்பது நான் வேலை கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே மண்டையில் ஏறினது. பதின்மூன்று என்று எழுதும்போதே கை தானாக ஒன்றரையைச் சேர்த்துவிடுகிறது. சேர்க்காதவனை இங்கே கேம்பில் மனுஷனாகவே மதிக்க மாட்டோம்.

எப்போதும் கூட்டுவதும் அதனால்தான். கம்ப உயரம் தெரியும், தரையில் தூரம் தெரியும், கம்பிதான் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது என் கையில் கம்பியைக் கொடுத்து, கம்பம் எவ்வளவு உயரம் சொல்லு என்று கேட்டிருக்கிறார்களா? கம்பம்தான் எதிரே நிற்கிறதே!

ஏணி விஷயத்தில் நீ சிரித்தது நியாயம். சமையல்காரரிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். அன்றைக்கு நீ சிரித்ததுதான் நியாயமில்லை.

எழுத வேண்டாம் என்று நானே சொன்னேன், இப்போது நானே எழுதுகிறேன். நீ முட்டியைக் கேட்டதால் வந்த வினை. முட்டி சரியில்லை. போன மாதம் மேலே இருக்கும்போது இடது கால் சட்டென்று விட்டுவிட்டது. பெல்ட் பிடித்ததால் தொங்கினேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. உன் அண்ணிக்குத் தைலம் தேய்க்கிற அளவுக்குத்தான் தெரியும், இது தெரியாது, சொல்லாதே. ஃபோர்மேன் ஆகிவிட்டால் கீழே நின்று வேலை வாங்கலாம். ஆகாவிட்டால் ரிட்டயர் ஆகும் வரைக்கும் ஏற வேண்டியதுதான். அதனால்தான் இந்தப் பாடு.

உன் வீட்டில் அன்று நடந்ததை நீ எப்படி எடுத்துக்கொண்டாயோ தெரியாது, நான் எடுத்துக்கொண்டது இதுதான். புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறாய் என்று ஆசையாக வந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் கரன்ட் போனது. மாப்பிள்ளை தன் ஆபீஸ்காரர்கள் முன்னால், "கம்பத்துல ஏறுறவரே இங்க சாப்பிட உட்கார்ந்துட்டார், அப்புறம் கரன்ட் எங்கிருந்து வரும்?" என்றார். இஸ்திரி போட்ட சட்டைகள் எல்லாம் சிரித்தன. அது போகட்டும், அவர்கள் யாரோ. நீயும் சிரித்தாய். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். ஒருத்தர்கூட "எங்கே போறே?" என்று கேட்கவில்லை. தெரு மூலையில் நின்று திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அதற்கப்புறம் வலது பக்கம் திரும்பி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன், யாராவது கூப்பிடுவார்களோ என்று மெதுவாகத்தான் நடந்தேன். ஒருத்தரும் இல்லை.

அன்றைக்கு எல்லாமே எரிச்சல். ஏறி உட்கார்ந்து பஸ் நகர்ந்த பிறகு யாரோ பின்னாலிருந்து ஓடிவந்து பஸ்ஸைத் தடதடவென்று தட்டினார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அடுத்த பஸ்ல வரட்டும்ங்க, நீங்க போங்க" என்று நானே சொன்னேன். எனக்கு அந்த ஊரை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

எழுதிவிட்டேன், மனசு லேசாகவில்லை. கழிக்கிற கணக்கு நான்கைந்து போட்டு அனுப்பு.

அண்ணன்


ஜூன் 27

அண்ணாவுக்கு,

பெல்ட்டில் தொங்கினாய் என்று படித்ததும் கையில் இருந்த சாக்பீஸ் உடைந்துவிட்டது. அண்ணியிடம் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தேர்வில் நீ தேறவில்லையென்றால் சொல்லிவிடுவேன், ஞாபகம் வைத்துக்கொள். அவர் உன்னை வீட்டை விட்டே அனுப்ப மாட்டார்.

உன் பேச்சுக்குப் பதில் பேசாமல் இருக்க எனக்கு வராது. அந்தக் கரன்ட் ஜோக் யாருடையது? நம் அம்மாவுடையது. நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் கரன்ட் போகும், "இவன் இங்க தின்னுக்கிட்டு இருந்தா அங்க கம்பத்துல யாரு இருக்கா?" என்பாள். நீ சோற்றோடு புரையேறச் சிரிப்பாய். கல்யாணமான புதிதில் நான்தான் இவரிடம் அதைச் சொன்னேன். இவர் எதையாவது சொல்லி உன்னை நம் வீட்டு மனுஷன் மாதிரிப் பேச வைக்கலாம் என்று பார்த்தார், பாவம். எனக்கு அம்மா பேசின மாதிரியே இருந்தது, சிரித்துவிட்டேன். அம்மா சொன்னால் சிரிப்பு, மாப்பிள்ளை சொன்னால் மானம் போச்சு, அப்படித்தானே?

ஆபீஸ்காரர்கள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது, அது வாஸ்தவம். அன்று ராத்திரியே நான் இவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

பஸ் ஸ்டாண்ட் சமாச்சாரத்தை இன்னொரு நாள் பேசலாம். இப்போது கணக்கு.

உன் ஒன்றரை மீட்டர் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. எங்களுக்கும் அதே தொல்லைதான். சட்டையின் தோள்பட்டை பதினெட்டு அங்குலம் என்றால் பதினெட்டுக்கே வெட்ட முடியாது, தையலுக்கு விட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதில்தான் குழப்புவார்கள். விட்ட அளவை உடம்பின் அளவு என்று நினைத்து அதிலேயே மறுபடி விடுவார்கள், சட்டை கோணியாகிவிடும். அதனால் பேட்டர்னில் இரண்டு கோடு போடுவோம். உள்ளே கெட்டிக் கோடு, அதுதான் உடம்பு. வெளியே புள்ளிக் கோடு, அது தையலுக்கு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது, இரண்டில் ஒன்றை விட்டுவிடவும் கூடாது.

இதோடு பழுப்புத் தாளில் ஒரு முக்கோணம் வெட்டி வைத்திருக்கிறேன். கம்பம் 12, தரை 5, கெட்டிக் கோட்டில் கம்பி 13. இரண்டு நுனியிலும் புள்ளிக் கோடு நீட்டியிருக்கிறேன், அது உன் ஒன்றரை. பரீட்சையில் கேட்பது கெட்டிக் கோட்டை. அதை எழுது. கை குறுகுறுத்தால் புள்ளிக் கோட்டைத் தனியாகப் போட்டுக்கொள்.

இனி உனக்கு ஐந்து கணக்கு.

ஒன்று. கம்பம் 8 மீட்டர், முளை 6 மீட்டர் தள்ளி. கம்பி?

இரண்டு. உன் கையில் கம்பியைக் கொடுக்கிறேன், இந்தா. கட்டினது போக 17 மீட்டர். கம்பம் 15. முளை எங்கே?

மூன்று. ஏணி ஆறரை மீட்டர். அடி சுவரிலிருந்து இரண்டரை மீட்டர். எவ்வளவு உயரம் தொடும்? ஏணியைச் சுவரில் சாய்த்தபிறகு விடை எழுது.

நான்கு. துணி ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம். குறுக்கே மூலைக்கு மூலை மடித்தால் அந்த மடிப்பு எவ்வளவு?

ஐந்து. ஒருவர் ஒரு வீட்டிலிருந்து நேராகத் தெருவில் 300 மீட்டர் நடக்கிறார். மூலையில் வலது பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் 400 மீட்டர் நடந்து ஓர் இடத்துக்குப் போகிறார். இன்னொருவர் அதே வீட்டின் பின்வாசல் வழியாக, நடுவில் இருக்கும் மைதானத்தைக் குறுக்கே கடந்து அதே இடத்துக்குப் போகிறார். அவர் போன தூரம் எவ்வளவு?

பொடிசு


லைன் கேம்ப்
ஜூலை 3

பொடிசுக்கு,

விடைகள். 10. 8. 6. இரண்டரை. 500.

ஏணியைச் சாய்த்துப் பார்த்தேன், தொட்டது. எதிலும் ஒன்றரை சேர்க்கவில்லை. முதல் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், அதைப் பெரிய மனசு பண்ணி விட்டுவிடு.

உன் பழுப்பு முக்கோணத்தை என் கட்டிலுக்கு எதிரே தகரத்தில் ஒட்டியிருக்கிறேன். வேன் டிரைவர் பார்த்துவிட்டு, "என்னங்க, பாவாடைக்கு அளவா?" என்றார். கேம்ப் முழுக்க இப்போது அதுதான் பேச்சு. பெரிய பக்கம் எப்போதும் செங்கோணத்துக்கு எதிரே முறைத்துக்கொண்டு நிற்கும் என்பதை நான் மறக்கவே மாட்டேன். மூத்தவனுக்கு அதுதானே லட்சணம்.

அம்மாவின் ஜோக் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு மாப்பிள்ளையின் வாய்தான் தெரிந்தது. அம்மா நாம் இருக்கும்போது சொல்வாள், வெளியாள் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டாள். அதையும் நீ நினைத்துப் பார். இருந்தாலும் அம்மாவின் ஜோக்குக்குத்தான் கோபித்துக்கொண்டு வந்தேனா என்று யோசித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சிரித்ததைக்கூட விட்டுவிடுகிறேன். தெரு காலியாக இருந்ததைத்தான் விட முடியவில்லை.

ஐந்தாவது கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஆள் ஏன் எழுநூறு மீட்டர் சுற்றிப் போகிறான்? மைதானம் இருக்கிறதே, அவனும் குறுக்கே போக வேண்டியதுதானே? சரியான மடையனாக இருக்கிறானே.

தேர்வு பதினைந்தாம் தேதி. மறுபடி ஒரு தடவை எழுது.

அண்ணன்


ஜூலை 9

அண்ணாவுக்கு,

ஐந்தும் சரி. நூற்றுக்கு நூறு. அடித்ததற்கு மார்க் குறைக்கவில்லை.

அந்த ஆள் மடையன் இல்லை. ஊருக்குப் புதியவன். மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர் உண்டு, அந்த வீட்டுப் பின்பக்கத்தில் சுவர் இடிந்து ஒரு சந்து இருப்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். மற்றதைத் தேர்வு முடிந்த பிறகு கேள். இப்போது கேட்காதே, நான் சொல்ல மாட்டேன், உன் மண்டை கலைந்துவிடும்.

கேள்வித்தாள் வந்ததும் படத்தை வரை. செங்கோணத்தில் ஒரு சின்னச் சதுரம் போடு. எது பெரியது என்று பார். அப்புறம் கூட்டு அல்லது கழி. பேனா இரண்டாக எடுத்துக்கொண்டு போ. முட்டிக்குத் துணி சுற்றிக்கொள், பெஞ்சில் மூன்று மணி நேரம் மடக்கி உட்கார வேண்டியிருக்கும்.

இவர் உனக்கு ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டார். கம்பம், கரன்ட் என்று எதுவும் எழுதாமல் இருந்தால் எழுதுங்கள் என்றேன். கீழே அவர் கையெழுத்து.

பொடிசு

மச்சானுக்கு, நன்றாக எழுதுங்கள். உங்கள் தட்டு இன்னும் பாதியிலேயே இருக்கிறது.


லைன் கேம்ப்
ஜூலை 17

பொடிசுக்கு,

எழுதிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பாய்.

முக்கோணக் கணக்கு நான்கு வந்தது. நம்பினால் நம்பு, ஒன்று ஸ்டே கம்பியேதான். கம்பம் 9, முளை 12 மீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்தில் எவன் முளை அடிப்பான் என்று கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். பதினைந்து வந்தது. விடை எழுதும் இடத்தில் பேனா பதினாறரை என்று ஆரம்பித்து, பதினா வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் உன் பழுப்புத் தாள் கண்ணுக்குள் வந்தது. அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினேன். படத்தில் இரண்டு நுனியிலும் புள்ளிக் கோடு மட்டும் சின்னதாகப் போட்டேன். மனசு கேட்கவில்லை.

ஏணியும் வந்தது. கழித்தேன்.

நான்காவதில்தான் தடுமாற்றம். இரண்டு தடவை போட்டு இரண்டு விடை வந்தது. கடைசியில் ஒன்றை எழுதினேன். அதில்தான் என் தலைவிதி இருக்கிறது என்று நினைக்கிறேன். ரிசல்ட் உங்கள் ஊர் ஹெட் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில்தான் ஒட்டுவார்கள், இங்கே வந்து சேர ஒரு மாதம் ஆகும். என் நம்பர் 2047. அந்தப் பக்கம் போனால் பார். போகாவிட்டாலும் பரவாயில்லை.

மாப்பிள்ளையின் வரியைப் படித்தேன். படித்தேன் என்று சொல்.

தேர்வு முடிந்துவிட்டது. இப்போது ஐந்தாவது கணக்கைச் சொல்.

அண்ணன்


ஜூலை 24

அண்ணா,

அது புத்தகக் கணக்கு இல்லை.

வீடு என் வீடு. தெருமூலைக்கு முந்நூறு மீட்டர், மூலையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நானூறு. போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் கட்டிங் டேபிள் டேப்பை வைத்து அளந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அக்கம்பக்கம் பார்த்தது. மைதானத்தை அளக்கவில்லை. அதை உன்னையே கண்டுபிடிக்க வைத்தேன்.

நீ கை கழுவப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். வாசலில் உன் செருப்பு இல்லை என்றதும்தான் தெரிந்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, அதை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன், நீ மூலை திரும்பிவிட்டாய். தெருவழியாக ஓடினால் பிடிக்க முடியாது. பின்வாசல் வழியாக, சுவர் சந்தில் நுழைந்து, மைதானத்தில் ஓடினேன். செருப்புப் போட நேரமில்லை. மைதானம் முழுக்க முள். நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து பிடுங்க வேண்டியதாகிவிட்டது, அதுதான் என் கழுத்தை அறுத்தது.

அந்தப் பக்கச் சுவரைக் கல் குவியலில் ஏறித் தாண்டி வெளியே வரும்போது நீ ஏறிவிட்டாய். பஸ் நகர்ந்துவிட்டது. ஓடிப்போய் இரண்டு கையாலும் தட்டினேன். கத்தினேன், இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. நீ அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தாய், உன் பின்மண்டை மட்டும் தெரிந்தது. விசில் அடித்துவிட்டார்கள்.

தெரு காலியாகத்தான் இருந்தது அண்ணா. நீ பார்த்ததில் தப்பில்லை. நான் தெருவில் இல்லை.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், நான் தட்டினது உனக்குத் தெரியும், தெரிந்தும்தான் இறங்காமல் போய்விட்டாய் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமும் எனக்கு அந்தக் கோபம்தான். உன் ஜூன் மாதக் கடிதத்தில் "யாரோ தட்டினார்கள்" என்று படித்தபோதுதான் தெரிந்தது. அன்று மத்தியானம் முழுக்க ஒரு துண்டு வெட்டவில்லை. சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பொடிசு


லைன் கேம்ப்
ஜூலை 31

பொடிசு,

வேன் டிரைவர் கடிதத்தைக் கொடுத்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு எழுந்துவிட்டேன். சமையல்காரர், "என்னங்க, பாதியில எழுந்திரிக்கிறீங்க?" என்றார். அவர் ஒருவராவது கேட்டாரே என்று அப்போதும் ஒரு நினைப்பு வந்தது பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த பஸ்ல வரட்டும் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அந்தக் கண்டக்டர் நல்ல மனுஷன், நிறுத்தத்தான் பார்த்தார். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் போதும். கழுத்தைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. திருப்பவில்லை.

காலில் எத்தனை முள்? உனக்குச் சின்ன வயதில் முள் குத்தினால் ஊரைக் கூட்டுவாய், நான்தான் ஊக்கை வைத்து எடுக்க வேண்டும், வேறு யாரையும் தொட விட மாட்டாய். அன்றைக்கு யார் எடுத்தார்கள்? மாப்பிள்ளையா?

இன்று வேலை முடிந்து கட்டிலில் உட்கார்ந்து அந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்நூறும் நானூறும் நான் நடந்தது. இரண்டு பக்கம் எனக்குத் தெரியும், நடந்த காலுக்கு மறக்காது. மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. விடை ஐநூறு என்று எழுதி, அந்த ஆளை மடையன் என்றும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ரிசல்ட் எப்படி வேண்டுமானாலும் வரட்டும். வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு எனக்கு லீவு. முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், பெல்ட் கதையை நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன், வழியில் அடி வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல், எந்த ஜோக் வேண்டுமானாலும் சொல்லட்டும், எத்தனை சட்டைக்காரர்கள் முன்னால் வேண்டுமானாலும் சொல்லட்டும். தட்டு காலியாகாமல் எழுந்திருக்க மாட்டேன்.

மைதானம் வழியாகவே வருகிறேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுவரை எந்த இடத்தில் தாண்ட வேண்டும் என்று எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அண்ணா,

சாப்பாட்டு நேரத்தில் ஹெட் ஆபீஸுக்கு ஓடினேன். நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் ஒரே கூட்டம். விரலை வைத்து மேலேயிருந்து இறங்கினேன். 2044. அப்புறம் 2047. நடுவில் இரண்டு பேர் இல்லை, நீ இருக்கிறாய். இன்னொரு தடவை மேலேயிருந்து இறங்கினேன், அப்போதும் இருந்தாய். பக்கத்தில் நின்றவர், "உங்க வீட்டுக்காரரா?" என்றார். "எங்க அண்ணன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், அந்த ஆள் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

இனி நீ கம்பத்தில் ஏற வேண்டாம். கீழே நின்று மற்றவர்களைத் திட்டு.

அன்று முள்ளை நானேதான் எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் குதிகாலில் உள்ளேயே நின்றுவிட்டது, மழைக்காலத்தில் உறுத்தும். ஊக்கு எடுத்துக்கொண்டு வா.

சுவரைத் தாண்ட உன் முட்டிக்கு ஆகாது, வழியெல்லாம் எழுத மாட்டேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கி அங்கேயே நில். மைதானத்தைக் கடந்து நான் வருகிறேன். இந்தத் தடவை செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

பொடிசு